கண் சிமிட்ட முடியாதவர் கணக்குத் திறப்பது எப்படி?

நற்பிட்டிமுனையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



2025 ஏப்ரல் 30ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் கண் சிமிட்டுவது தொடர்பாக ஒரு தீர்ப்பு வழங்கியது. மனுதாரர்களில் ஒருவர் பிரக்யா பிரசூன். அமில வீச்சில் முகமும் கண்களும் பாதிக்கப்பட்டவர். வங்கிக் கணக்குத் திறக்கப் போனபோது, கமராவுக்கு முன்னால் இருப்பது உயிருள்ள ஆள்தானா என்று உறுதிசெய்ய மென்பொருள் அவரைக் கண் சிமிட்டிக் காட்டச் சொன்னது. அவரால் இமைகளை மூடித் திறக்க முடியாது. ஆள் எதிரே இருந்தார், ஆவணமும் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு படியைத் தாண்ட வழி இருக்கவில்லை.

இன்னொரு மனுவைத் தாக்கல் செய்தவர் அமர் ஜெயின் என்ற சட்டத்தரணி, முற்றாகப் பார்வையற்றவர். முகத்தைத் திரையிலுள்ள வட்டத்துக்குள் கொண்டுவந்து படம் பிடிக்க வேண்டும், ஆவணத்தைச் சரியான கோணத்தில் வைத்து இன்னொரு படம் எடுக்க வேண்டும், சில நொடிகளில் காலாவதியாகும் இரகசிய இலக்கத்தை அதற்குள் இட்டுவிட வேண்டும். ஒவ்வொரு படியும் கண்ணை நம்பியே கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் அவருடைய முறைப்பாடு.

நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் இரண்டு மனுக்களையும் சேர்த்து விசாரித்தார்கள். தீர்ப்பை எழுதியவர், மதராஸ் உயர் நீதிமன்றத்திலிருந்து டில்லிக்குப் போன மகாதேவன். டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, இந்திய அரசமைப்பின் 21ஆம் உறுப்புரை தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று கூறிய அத்தீர்ப்பு இருபது கட்டளைகளை விதித்தது. சிமிட்டலைத் தவிர்ந்த வேறு வழிகளையும் ரிசர்வ் வங்கி ஏற்பாடு செய்ய வேண்டும். காகிதத்தில் விண்ணப்பிக்கும் வழியை மூடக் கூடாது. இயந்திரம் தள்ளிவிட்ட விண்ணப்பத்தை மனிதர் ஒருவர் எடுத்துப் பார்க்க வேண்டும். செயலியை வெளியிடுமுன் நடக்கும் சோதனையில் பார்வையற்றோரும் இருக்க வேண்டும். தகுதிபெற்ற நிபுணர்கள் காலத்துக்குக் காலம் தணிக்கை செய்ய வேண்டும்.

இந்த உரை கடைசியாகச் சொன்ன இரண்டு கட்டளைகளைப் பற்றியது. கண் சிமிட்டச் சொன்ன மென்பொருளையும் வெளியிடுமுன் யாரோ சோதித்துத்தான் இருப்பார்கள். சோதித்தவர்களுக்கெல்லாம் இமை வேலை செய்திருக்கும்.

ஒரு வேலை, பல வழிகள்

ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புவது ஒரே வேலை. அதை ஒருவர் சுட்டியை நகர்த்திச் செய்கிறார். இன்னொருவர் விசைப்பலகையால் மட்டும் செய்கிறார். பெரும்பாலோர் கண்ணாடித் திரையை விரலால் தொட்டுச் செய்கிறார்கள். பார்வையற்றவர் அதே திரையில் விரலை ஓடவிட்டு, கைபேசி வாசித்துச் சொல்வதைக் கேட்டுச் செய்கிறார். கை வழங்காதவர் வாயால் கட்டளையிடுகிறார், அல்லது தலையசைவாலோ கன்ன அசைவாலோ ஒரே ஒரு சுவிட்ச்சை அழுத்துகிறார்.

ஒற்றைச் சுவிட்ச்சால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் பிற்கால வாழ்க்கையே சான்று. முதலில் கையில் பிடித்த பொத்தானை அழுத்தினார். கையும் ஓய்ந்தபின், மூக்குக் கண்ணாடியில் பொருத்திய உணரி அவருடைய கன்னத் தசை அசைவதைக் கண்டுபிடித்தது. திரையில் எழுத்துகளின் மீது ஒளி ஒவ்வொன்றாக நகரும்; வேண்டிய இடத்துக்கு அது வந்ததும் கன்னம் அசையும். அந்த ஓர் அசைவை வைத்தே விரிவுரைகளைத் தயாரித்தார், கடிதம் எழுதினார், இணையத்தில் உலாவினார். அவருக்காக இன்டெல் நிறுவனம் உருவாக்கிய மென்பொருள் 2015இல் எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிடப்பட்டது.

தமிழுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு சென்னையில் இருக்கிறது. பெருமூளை வாதத்தால் பேச்சு வராத பிள்ளைகளுக்காக, வித்யாசாகர் நிறுவனத்தோடு சேர்ந்து அஜித் நாராயணன் ‘ஆவாஸ்’ என்ற கருவியை உருவாக்கினார். பிள்ளை படங்களைத் தெரிவுசெய்யும், கருவி அவற்றை வாக்கியமாகப் பேசும். விரலால் தொட முடியாத பிள்ளைக்காக, தலையையோ கையையோ சிறிது அசைத்துத் தெரிவுசெய்யும் வழியையும் அதில் வைத்தார்கள். பிற்பாடு அது ஐபேட் செயலியாகவும் வந்தது.

தொடுதிரை வந்த காலத்தில் பார்வையற்றோர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. பொத்தான் கைபேசியில் ஐந்தாம் இலக்கத்தின் மேல் ஒரு சிறு மேடு இருக்கும். அதைத் தடவி மற்ற இலக்கங்களைக் கண்டுகொள்ளலாம். 2007இல் வந்த ஐபோன் வழுவழுப்பான ஒரு கண்ணாடி. அதில் தடவிப் பார்க்க ஒன்றுமில்லை. இரண்டே ஆண்டில், 2009இல், அப்பிள் தனது ‘வொய்ஸ் ஓவர்’ திரைவாசிப்பானை ஐபோன் 3ஜீஎஸ் கைபேசியில் சேர்த்தது. அதே ஆண்டில் அன்ட்ரொய்டுக்கு ‘டோக்பேக்’ வந்தது. விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த உறுப்புக்குப் போகும், அதன் பெயரை வாசிக்கும். இரண்டு தடவை தட்டினால் இயங்கும். கணினிக்கு 2006இலேயே அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன், விலையில்லாத ‘என்விடிஏ’ திரைவாசிப்பானை எழுதத் தொடங்கியிருந்தார். விரைவில் ஜேம்ஸ் டெஹ் அவரோடு சேர்ந்தார், அவரும் பார்வையற்றவர்.

ஆக, கருவிகள் வந்து நெடுங்காலமாகிவிட்டது. அவை இயங்கும்படி பக்கங்களையும் செயலிகளையும் எழுதுவதில்தான் குறை இருக்கிறது.

வழக்குகள் சொல்லும் கதை

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டிகளின் இணையத்தளத்தைத் தன்னால் பயன்படுத்த முடியவில்லை என்று புரூஸ் மெக்வயர் என்ற பார்வையற்றவர் அவுஸ்திரேலிய மனித உரிமை ஆணைக்குழுவுக்குப் போனார். ஆணைக்குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஏற்பாட்டுக் குழு 20,000 அவுஸ்திரேலிய டொலர் இழப்பீடு செலுத்த நேர்ந்தது.

2006இல் அமெரிக்காவின் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு டார்கெட் என்ற கடைத்தொடர் மீது வழக்குப் போட்டது. முறைப்பாடுகளில் ஒன்று மிக எளிமையானது: சுட்டி இல்லாமல் கொள்வனவை முடிக்க முடியாது. பொருளைத் தேடலாம், விவரத்தை வாசிக்கலாம், கடைசிப் பொத்தானை மட்டும் விசைப்பலகையால் அழுத்த வழியில்லை. சாய்தளம் கட்டிவிட்டு அதன் உச்சியில் கதவைப் பூட்டிவைத்தது போன்ற வேலை. 2008இல் 60 இலட்சம் டொலருக்கு வழக்கு இணக்கமாக முடிந்தது.

இவ்வகைக் குறைகளைத் தடுக்கவே உலகளாவிய வலைக் கூட்டமைப்பு எனப்படும் டபிள்யூ3சி அமைப்பு 1999இல் அணுகல் வழிகாட்டியின் முதற் பதிப்பை வெளியிட்டது. 2008இல் வந்த இரண்டாம் பதிப்பு, விசைப்பலகையால் எல்லாவற்றையும் இயக்க முடிய வேண்டும் என்பதை அடிப்படை விதியாக்கியது. கைபேசி உலகை ஆண்டபின், 2018இல் வந்த 2.1 பதிப்பு தொடுகை, அசைவு, குரல் ஆகியவற்றுக்கும் விதிகள் சேர்த்தது. 2023 ஒக்டோபரில் வந்த 2.2, இழுத்து நகர்த்தும் செயலுக்கு மாற்று வழி வேண்டும் என்றும், தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் அகல உயரம் இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

விதிகள் இருக்கின்றன, பின்பற்றுவோர் குறைவு. வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களைத் தன்னியக்கக் கருவியால் ஆராய்கிறது. முதல் ஆண்டில் 97.8 வீதமான பக்கங்களில் குறை தெரிந்தது. 2025இல் அது 94.8 வீதம்.

அதுவும் கருவியின் கண்ணுக்குப் பட்ட குறைகள் மட்டும். 2017இல் பிரித்தானிய அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு, வேண்டுமென்றே 140க்கு மேற்பட்ட தடைகளை வைத்து ஒரு பக்கத்தை உருவாக்கி, சந்தையிலிருந்த சோதனைக் கருவிகளை அதன் மேல் ஓட விட்டது. மிகச் சிறந்த கருவிகூடத் தடைகளில் ஐந்தில் இரண்டு பங்கு அளவையே கண்டுபிடித்தது. ஒரு படத்துக்கு விளக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று கருவி சொல்லும். அந்த விளக்கம் படத்துக்குப் பொருந்துகிறதா, அந்தப் பக்கத்தில் ஒருவர் தன் வேலையை முடித்துக்கொண்டு வெளியேற முடிகிறதா என்பதை ஆள் ஒருவர் உட்கார்ந்து செய்து பார்த்தால்தான் தெரியும்.

உட்கார்ந்து செய்து பார்ப்பது

முதற் சோதனைக்குச் செலவே இல்லை. சுட்டியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, டேப் விசை, அம்புக்குறிகள், எண்டர், இடைவெளி விசை, எஸ்கேப் ஆகியவற்றை மட்டும் வைத்துப் படிவத்தை நிரப்ப வேண்டும். இப்போது எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்பதைக் காட்டும் கோடு கண்ணுக்குத் தெரிகிறதா? பல வடிவமைப்பாளர்கள் அந்தக் கோடு அழகைக் கெடுக்கிறது என்று மறைத்துவிடுகிறார்கள். விசைப்பலகைக்காரருக்கு அதுதான் வழிகாட்டி. வரிசை ஒழுங்காகப் போகிறதா, பெயருக்கு அடுத்து முகவரி வராமல் பக்கத்தின் அடிக்குப் பாய்கிறதா? பிறந்த திகதிக்கு நாட்காட்டி திறந்தால் அதற்குள் போய்வர முடிகிறதா? விளம்பரமோ அறிவிப்போ மேலே வந்து விழுந்தால் எஸ்கேப் அழுத்தி மூட முடிகிறதா, அல்லது அதற்குள்ளேயே சிக்கிச் சுற்ற வேண்டியதுதானா?

அடுத்தது தொடுகை. அப்பிள் 44 புள்ளியும் கூகுள் 48 அலகும் பொத்தானுக்கு அளவாகச் சொல்கின்றன. கூகுளின் அளவு ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். கை நடுங்குபவர் தவறான பொத்தானில் விரலை வைத்துவிட்டால், விரலை எடுக்காமலே வெளியே நகர்த்தித் தப்ப முடிய வேண்டும். அதாவது விரல் பட்டவுடன் இல்லாமல், விரலை எடுக்கும்போதுதான் பொத்தான் இயங்க வேண்டும். கைபேசியைக் குலுக்கினால் அழியும், சாய்த்தால் திரும்பும் என்ற வசதிகளுக்கு வேறு வழியும் இருக்க வேண்டும், ஏனென்றால் சக்கர நாற்காலியின் கையில் பூட்டிய கைபேசியைக் குலுக்க முடியாது.

மூன்றாவது, திரைவாசிப்பான். டோக்பேக்கை இயக்கி, திரையின் வெளிச்சத்தை முழுதாகக் குறைத்துவிட்டுச் செய்து பார்க்க வேண்டும். ‘பொத்தான், பொத்தான், பெயரற்ற பொத்தான்’ என்று கைபேசி சொல்லிக்கொண்டே போனால் அந்தச் செயலியை எழுதியவர் படங்களை வைத்துவிட்டுப் பெயர் வைக்க மறந்துவிட்டார் என்று பொருள். பிழை விட்டால், பெட்டி சிவப்பாவது மட்டும் போதாது. எந்தப் பெட்டியில் என்ன பிழை என்று வாசித்துச் சொல்ல வேண்டும்.

நான்காவது, ஒற்றைச் சுவிட்ச். அன்ட்ரொய்டிலும் ஐபோனிலும் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. புளூடூத் விசைப்பலகையின் ஒரு விசையைச் சுவிட்ச்சாக அமைத்துக்கொள்ளலாம். இங்கேதான் நேரம் கழுத்தைப் பிடிக்கும். ஒளி ஒவ்வோர் உறுப்பிலும் இரண்டு நொடி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், படிவத்துக்கு மேலே முப்பது இணைப்புகள் இருக்கும் பக்கத்தில் முதற் பெட்டியை அடையவே ஒரு நிமிடம் ஆகும். இலக்கப் பலகையில் பத்து இலக்கங்களையும் ஒவ்வொன்றாகக் கடந்து வேண்டியதைத் தெரிவுசெய்யச் சராசரி பதினொரு நொடி. ஆறு இலக்க இரகசிய எண்ணை இட்டு முடிக்க அறுபத்தாறு நொடி. அந்த எண் ஒரு நிமிடத்தில் காலாவதியாகுமானால், அந்த மனிதர் பெரும்பாலும் தோற்பார். அவருடைய வேகத்தில் குறையில்லை. கணக்கே அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நேரம் முடியப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி, எளிய ஒரு செயலால் குறைந்தது பத்துத் தடவை நீட்டிக்க விட வேண்டும் என்று டபிள்யூ3சி வழிகாட்டி சொல்வது இதற்காகத்தான்.

ஐந்தாவது, குரல். குரலால் எழுதுவதும் குரலால் இயக்குவதும் வேறு வேறு. எழுதுவதற்குத் தமிழ் வந்துவிட்டது. 2017 ஒகஸ்டில் கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழையும் சிங்களத்தையும் சேர்த்தது. இயக்குவதற்கோ, பொத்தானின் பெயரைச் சொல்லி அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பெயரும் உள்ளே நிரலில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் அது நடக்கும்.

இந்த ஐந்தையும் தனித்தனியே சோதித்து முடித்தபின் ஆறாவதாக ஒன்று இருக்கிறது: கலந்து செய்வது. பெயரைக் குரலால் எழுதி, பிழையை விசைப்பலகையால் திருத்தி, அனுப்பும் பொத்தானை விரலால் தொடுகிறவர்கள் ஏராளம். பக்கவாதத்திலிருந்து தேறிவருபவர் காலையில் விரலையும், களைத்த மாலையில் குரலையும் நம்புவார். தொடுதிரைக் கருவி என்று கண்டவுடன் விசைப்பலகையைப் புறக்கணிக்கும் செயலிகள் இவர்களை நடுவழியில் விட்டுவிடுகின்றன.

தமிழ் எழுத்து வரும் இடத்தில்

மேலே சொன்னவை எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழுக்கென்று சில தடைகள் தனியே இருக்கின்றன.

இலங்கையில் அலுவலகங்களும் அச்சகங்களும் நீண்டகாலம் பாமினி எழுத்துருவைப் பயன்படுத்தின. அதில் தமிழாகத் தெரிவது கண்ணுக்கு மட்டும்; கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். ‘அம்மா’ என்று தெரியும் சொல்லுக்குள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள் கிடக்கின்றன. திரைவாசிப்பான் அவற்றைத்தான் வாசிக்கும். பாமினியில் தட்டச்சிட்டுப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றிய சுற்றறிக்கை, பார்வையுள்ளவருக்குச் சுற்றறிக்கை. பார்வையற்றவருக்கு அர்த்தமில்லாத ஒலி. காகிதத்தை வருடியெடுத்துப் படமாக ஏற்றினால் அந்த ஒலியும் இல்லை. யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில் எழுதினால் இந்தத் தடை போய்விடும். இலங்கைத் தரநிர்ணய நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டின் எஸ்எல்எஸ் 1326 தரம் தமிழ்க் குறியீட்டையும் ரெங்கநாதன் விசைப்பலகையையும் வரையறுத்திருக்கிறது.

மும்மொழித் தளங்களில் இன்னொரு சிக்கல். பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று நிரலில் அறிவிக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலம் என்று அறிவித்துவிட்டால், சில திரைவாசிப்பான்கள் ஆங்கிலக் குரலால் தமிழை வாசிக்க முயன்று தடுமாறும், சில முழுப் பந்தியையும் தாண்டிப் போய்விடும். பொத்தானின் முகத்தில் ‘சமர்ப்பிக்க’ என்று தமிழில் எழுதிவிட்டு உள்ளே ‘சப்மிட்’ என்றே விட்டுவிடுவது இதே குடும்பத்துக் குறை. காதால் கேட்பவருக்கு ஆங்கிலம் கேட்கும். கண்ணால் பார்த்துத் தமிழில் கட்டளையிடுபவருக்குப் பொத்தான் அசையாது.

பெட்டியின் கொள்ளளவு மூன்றாவது. ‘நற்பிட்டிமுனை’ என்ற ஊர்ப்பெயரைத் தமிழ் வாசகர் ஏழு எழுத்து என்பார். ஒருங்குறிக் கணக்கில் புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனி, ஆகவே பதின்மூன்று. யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும் கணினிக்கு அது 39 பைட். முகவரிப் பெட்டிக்கு எல்லையை ஆங்கிலத்தை நினைத்து வைத்தால், தெருவின் பெயர் முடியுமுன் பெட்டி நிரம்பிவிடும். பின்னழி விசையை ஒரு தடவை தட்டினால் பல கருவிகளில் ‘னை’ முழுதாக அழியாது. இணைக் கொம்பு மட்டும் போய் ‘ன’ மிஞ்சும். கண்ணால் பார்ப்பவர் உடனே கண்டுகொள்வார். கேட்டு எழுதுபவருக்கு என்ன அழிந்தது, என்ன மிஞ்சியது என்பதைத் திரைவாசிப்பான் தெளிவாகச் சொன்னால்தான் உண்டு.

குரலும் அப்படித்தான். கூகுளின் குரல் தட்டச்சில் இலங்கைத் தமிழைத் தனியே தெரிவுசெய்யலாம். ஆனால் இலங்கைத் தமிழ் என்பதும் ஒரே பேச்சு இல்லை. வாப்பா, ராத்தா, மறுகா என்று பேசும் கல்முனைக் கரையின் குரலை வைத்தும், சேனைக்குடியிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை, சாய்ந்தமருது என்ற ஊர்ப்பெயர்களை வைத்தும் சோதித்த பிறகே ஒரு குரல் வசதி இங்கே வேலை செய்கிறது என்று சொல்ல முடியும்.

இங்குள்ள நிலை

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானோருக்குப் பார்ப்பது, கேட்பது, நடப்பது போன்றவற்றில் ஏதேனும் ஒரு சிரமம் இருந்தது. முதுமையும் நீரிழிவும் இந்தத் தொகையை ஏற்றுமே தவிர இறக்கா.

சட்டம் இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாரபட்சத்தைத் தடைசெய்கிறது. 2006இல் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. அவை காகிதத்திலேயே கிடந்தபோது, முன்னாள் கிரிக்கெட் நடுவரும் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவருமான கலாநிதி அஜித் பெரேரா இலங்கையின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போனார். புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று 2009 ஏப்ரலில் நீதிமன்றம் கட்டளையிட்டது. அந்த விதிகள் பெரும்பாலும் படிக்கட்டு, சாய்தளம், கதவு, கழிப்பறை பற்றிப் பேசுகின்றன. திரையைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, கட்டடத்தோடு தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே அணுகல் பற்றிப் பேசுகிறது.

அரசு அலுவல்கள் திரைக்கு மாறும் வேகம் கூடிக்கொண்டிருக்கிறது. 2020இல் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு, வாடிக்கையாளர் நேரில் வராமலே கணக்குத் திறப்பதற்கு வழிகாட்டிகளை வெளியிட்டது. 2025 பெப்ரவரியில் அரச கட்டணங்களுக்கான ‘கவ்பே’ தொடங்கியது. டிஜிட்டல் அடையாள அட்டைக்கான வேலை நடக்கிறது.

2022இன் எரிபொருள் நெருக்கடியில் நாடே ஒரு டிஜிட்டல் முறையைப் பயன்படுத்திப் பார்த்தது. ஜூலையில் அறிமுகமான தேசிய எரிபொருள் அனுமதிக்குப் பதிய வேண்டியது இணையத்தில். ஆனால் பெற்றோல் நிலையத்தில் சாரதி செய்ய வேண்டியது கியூஆர் குறியைக் காட்டுவது மட்டும். கைபேசியில் காட்டினாலும் சரி, கொமினிகேஷன் கடையில் அச்சடித்துப் பிளாஸ்டிக் உறையிட்ட காகிதத்தைக் காட்டினாலும் சரி, வருடி ஏற்றுக்கொண்டது. கருவியில்லாதவருக்கும் கண் மங்கியவருக்கும் அந்தக் காகிதம் போதுமாக இருந்தது. பதிவுப் படிவமோ அவ்வளவு தாராளமாக இல்லை. அடிச்சட்ட இலக்கத்தைக் கண்ணால் வாசித்து, கையால் தட்டி, வந்த இரகசிய எண்ணை நேரத்துக்குள் இட வேண்டியிருந்தது. பலர் கடையில் கொடுத்தே செய்துகொண்டார்கள்.

கடையில் கொடுப்பது என்பது சிறிய விடயமில்லை. எரிபொருள் அனுமதிக்கு அது போதும். வங்கிச் செயலிக்குப் பார்வையற்ற ஒருவர் அப்படிச் செய்தால், கடவுச்சொல்லையும் மீதித் தொகையையும் வேறொருவர் கண்முன் விரித்து வைக்கிறார். அணுகல் இல்லாத திரை ஒருவரைத் தடுப்பதோடு நிற்பதில்லை. அவருடைய இரகசியத்தை ஊரார் கையில் கொடுக்கவும் வைக்கிறது.

விரல் ரேகையை நம்பும் முறைகளுக்கு இந்தக் கல்முனைக் கரை தனிச் சோதனைக் களம். வலை இழுப்பவர், நெல் வயலில் உழைப்பவர், மருதமுனையில் தறியில் இருப்பவர் ஆகியோரின் விரல்நுனி தேய்ந்து ரேகை மங்கியிருக்கலாம். ரேகை மட்டுமே திறவுகோல் என்றால் அவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். இந்தியாவின் ஆதார் அடையாள அட்டைப் பதிவில் இது பெரிய சிக்கலாக இருந்தது. 2023இல் கேரளத்தின் குமரகத்தில் விரல்களே இல்லாத ஒரு பெண்ணுக்குப் பதிவு மறுக்கப்பட்டு, மத்திய அமைச்சர் தலையிட்ட பின்பே கருவிழிப் பதிவை வைத்து அட்டை கிடைத்தது. கருவிழியை மட்டும் வைத்துப் பதியலாம் என்ற விதி முன்னரே இருந்தது. பதிவு நிலையத்தில் அதை எவரும் கையாளவில்லை.

இணையம் தேவையில்லாத வழிகளும் மறக்கத்தக்கவை அல்ல. அரச தகவலுக்கு 1919 என்ற தொலைபேசி இலக்கம் மும்மொழியிலும் பதில் தருகிறது. 2012இல் தொடங்கிய டயலொக் ஈஸி கேஷ் சாதாரணப் பொத்தான் கைபேசியிலேயே இலக்கங்களை அழுத்திப் பணம் அனுப்ப விட்டது. இந்திய ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் பொத்தான் கைபேசிக்காரருக்கென்றே ‘யூபிஐ 123பே’ முறையைத் தொடக்கியது. அழைப்பெடுத்துக் குரலைக் கேட்டுப் பணம் செலுத்தலாம். மாரிமழையில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும்போது நாவிதன்வெளிப் பக்கத்திலுள்ளவருக்குக் கல்முனை அலுவலகங்கள் எட்டாத தூரமாகிவிடும். அந்த நாட்களில் யாருடைய கையில் எந்தக் கருவி இருக்கிறதோ அதில் சேவை கிடைக்க வேண்டும்.

ஒரு படிவத்திலிருந்து தொடங்கலாம்

எல்லாத் தளங்களையும் ஒரேயடியாகத் திருத்த யாராலும் முடியாது. ஒரு படிவத்தை எடுத்துக்கொள்ளலாம். கல்முனை மாநகர சபைக்கோ பிரதேச செயலகத்துக்கோ மக்கள் அடிக்கடி போகும் ஒரு வேலை, அதற்கான இணையப் படிவம். ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் சம்மாந்துறையில் இருக்கும் அதன் பிரயோக விஞ்ஞான பீடத்திலும் கணினி கற்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆண்டு இறுதிச் செயற்றிட்டமாக இதை அவர்களிடம் ஒப்படைக்கலாம். என்விடிஏ இலவசம், டோக்பேக்கும் சுவிட்ச் வசதியும் கைபேசிக்குள்ளேயே இருக்கின்றன. சோதனையைச் சந்தையில் கிடைக்கும் விலை குறைந்த அன்ட்ரொய்ட் கைபேசியில் செய்ய வேண்டும். விலையுயர்ந்ததில் ஓடுவது இங்குள்ளவர் கையில் ஓடும் என்பதற்கு உறுதியில்லை.

சோதிப்பவர்களில் பாதிப் பேராவது இந்த வழிகளை அன்றாடம் பயன்படுத்துகிறவர்களாக இருக்க வேண்டும். பார்வையுள்ள மாணவர் கண்ணைக் கட்டிக்கொண்டு திரைவாசிப்பானை ஓட்டினால் கிடைப்பது பழக்கமில்லாதவரின் தடுமாற்றம். பத்தாண்டு பழகியவரின் வேகமும் குறுக்கு வழிகளும் அதில் வராது. அப்படி வருபவர்களுக்கு ஒரு நாள் கூலியும் போக்குவரத்துச் செலவும் கொடுக்க வேண்டும். அவர்கள் செய்வது நிபுணர் வேலை.

புதிய தளம் அமைக்க ஒப்பந்தம் போடும்போது, இந்தச் சோதனை முடியும்வரை கடைசித் தவணைப் பணம் விடுவிக்கப்படாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அறிக்கை நீளமாக இருக்க வேண்டியதில்லை. இடப்பக்கம் விசைப்பலகை, தொடுகை, திரைவாசிப்பான், சுவிட்ச், குரல், கலப்பு என்று ஆறு வரிசை. வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகளில் ஒன்று: தனியாக முடித்தார், உதவியோடு முடித்தார், முடியவில்லை. ஒப்பந்தக்காரர் இரண்டாவதை வெற்றிக் கணக்கில் சேர்க்கப் பார்ப்பார். அதைத் தோல்வி என்றே எழுதி, எந்தப் படியில் உதவி தேவைப்பட்டது என்பதையும் பக்கத்தில் குறித்துத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.